கூஸ் நொண்டுது, றெக்கை திரும்பிக்கிச்சு, கொத்த வருது: அறிகுறிய வச்சு காரணம் கண்டுபிடிக்கிற வழி

வீட்டுக் கொல்லைல கூஸ் வாத்து வளக்கறவங்களுக்கு வர்ற தொல்லைல பாதிக்கு மேல நோயே கெடையாது. கோழின்னு நெனச்சு கோழித் தீவனத்தையே கொட்டறது, இல்லன்னா பெரிய சைஸ் வாத்துதானேன்னு நெனச்சு சேத்துலயே விட்டுடறது, இந்த ரெண்டுலேர்ந்துதான் எல்லாம் கெளம்புது. கூஸ் ஆடு மாடு மாதிரி புல்லு மேயற ஜீவன், தானியம் அதுக்கு மேல கொஞ்சம்தான் வேணும். அதனால கீழ இருக்கறதுல எந்த அறிகுறி தெரிஞ்சாலும் மருந்த தேடறதுக்கு முன்னாடி மூணே மூணு விஷயத்த பாருங்க: என்ன திங்குது, தலைய முழுசா முக்கற அளவுக்கு தண்ணி இருக்கா, எந்தத் தரைல நிக்குது.

இன்னொண்ணு, கூஸ் தன்னோட நோவ வெளிய காட்டாது, கூட்டத்துல பலவீனமா தெரிஞ்சா ஆபத்துன்னு கடைசி வரைக்கும் மறைக்கும். அதனால காலைல கதவ தொறந்து விடும்போது தீவனம் வச்சுட்டு ஓடிடாம ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளி நின்னு பாருங்க. யாரு கடைசில வர்றா, யாரு தீவனத்துக்கிட்ட வந்தும் கொத்தாம சும்மா நிக்கறா, யாரோட வால் தொங்கி இருக்கு, இது தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. எச்சத்தையும் பாத்து பழகிக்கோங்க. புல்லு திங்கற கூஸோட எச்சம் பச்சையா விரல் கனத்துல நீளமா ஒரு முனைல வெள்ளையா இருக்கும், நாள் பூரா போய்க்கிட்டே இருக்கும். புதுசா வளக்கறவங்க அத பாத்துட்டு கழிச்சல்னு பதறிடறாங்க, அது சரியான எச்சம்தான்.

குஞ்சோட கால் வளையுது, நடக்காம உக்காந்தே இருக்கு

ரெண்டு மூணு வாரக் குஞ்சு நல்லா தின்னுது, கண்ணு பளிச்சுன்னு இருக்கு, ஆனா ரெண்டு அடி நடந்ததும் உக்காந்துக்குது, முட்டி மாதிரி தெரியற அந்த மூட்டு வீங்கி கால் வில்லு மாதிரி வளையுது, இப்படி இருந்தா மொதல்ல நியாசின் குறைவுன்னுதான் சந்தேகப்படணும். நியாசின்னா பி வைட்டமின்ல ஒண்ணு. கோழிக்குஞ்ச விட வாத்துக்கும் கூஸுக்கும் இது ரொம்ப ஜாஸ்தி தேவை, கூஸ் குஞ்சுக்கு மொத 4 வாரத்துல ஒரு கிலோ தீவனத்துல 65 மில்லிகிராம் அளவுக்கு இருக்கணும்னு சொல்லுவாங்க. கோழி ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுக்கு மொதல்ல கொடுக்கற தீவனம், கோழிக்குன்னே செஞ்சது, அதுல பல நேரம் இவ்வளவு இருக்காது. கோழிக்குஞ்சு அதே தீவனத்துல ஜம்முனு வளரும், பக்கத்துலயே கூஸ் குஞ்சு கால் விழுந்து கெடக்கும், தீவனம் கொடுத்தவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல.

சரி பண்றது கஷ்டம் இல்ல, ஆனா சீக்கிரம் பண்ணணும். ப்ரூவர்ஸ் ஈஸ்ட்ங்கற, பீர் காய்ச்சற வகை உயிரில்லாத ஈஸ்ட் தூள 10 கிலோ தீவனத்துக்கு அரை கிலோங்கற கணக்குல கலந்து வைங்க. ரொட்டி புளிக்க வைக்கிற ஈஸ்ட் வேற, அது உயிரோட இருக்கும், வயித்துக்குள்ள போய் பொங்கும், அத போடாதீங்க. கால் ஏற்கனவே வளைஞ்சிருந்தா தூள மட்டும் நம்பாம, குடிக்கிற தண்ணிலயும் ஒரு லிட்டருக்கு 30லேர்ந்து 40 மில்லிகிராம் நியாசின் கலந்து தெனம் புதுசா வைங்க, மெதுவா கரையற வகை மாத்திரை இதுக்கு ஆகாது. ஆரம்பத்துல புடிச்சா சில நாள்லயே எழுந்து நடக்க ஆரம்பிச்சிடும். வாரக்கணக்குல விட்டுட்டீங்கன்னா எலும்பு அந்த வளைவுலயே கெட்டிப்பட்டுடும், அப்புறம் எவ்வளவு நியாசின் கொடுத்தாலும் நேராகாது.

ஒரே ஒரு கால் மட்டும் பக்கவாட்டுல திரும்பிக்கிச்சு, கணுக்கு பின்னாடி நரம்பு மாதிரி இருக்கற தசைநாண் தன்னோட பள்ளத்துலேர்ந்து நழுவி பக்கத்துல தெரியுதுன்னா அது வேற கதை, தீவனத்துல மாங்கனீஸ், கோலின்ங்கற சத்து குறைஞ்சு வர்றதும் உண்டு, அடிபட்டு வர்றதும் உண்டு. அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க, நாள் தள்ளினா நாண் உள்ள உக்காராது.

பொறந்து ஒண்ணு ரெண்டு நாள்லயே ரெண்டு காலும் பக்கத்துக்கு ஒண்ணா விரிஞ்சு வயித்தால தரைய தேய்க்குதா, அதுக்கு காரணம் வழுக்கற தரை. நியூஸ் பேப்பர், வழவழ பிளாஸ்டிக் தட்டு இதுலல்லாம் குஞ்சு விட்டா இப்படித்தான் ஆகும். ரப்பர் மேட்டோ சொரசொரப்பான துணியோ விரிச்சுட்டு, ரெண்டு காலையும் உடம்பு அகலத்துக்கு இடைவெளி விட்டு மெத்துனு இருக்கற டேப்பால எட்டு போட்ட மாதிரி கட்டி விடுங்க. ரெண்டு மூணு நாள்ல நிக்கும். கட்டு இறுகி பாதம் வீங்குதான்னு காலைலயும் சாயந்தரமும் பாக்கணும்.

றெக்கை நுனி வெளிப்பக்கமா திரும்பி நிக்குது

இதுக்கு ஏஞ்சல் விங்னு பேரு. கூஸ் வளக்கறவங்க அதிகமா பாக்கறதும் இதுதான், அதிகமா தப்பா புரிஞ்சுக்கறதும் இதுதான். அடிபட்டுடுச்சு, நாய் கடிச்சுடுச்சு, எலும்பு ஒடஞ்சுடுச்சுன்னு நெனப்பாங்க. நடக்கறது என்னன்னா, றெக்கைல பெரிய இறகு முளைக்கும்போது அந்தக் குழாய்க்குள்ள ரத்தம் நெறஞ்சு நீலமா தடியா இருக்கும், நல்ல கனம். புரோட்டீனும் மாவுச்சத்தும் ஜாஸ்தியா போயி குஞ்சு வேகமா வளந்தா இறகு ஓடி வந்துடும், அத தாங்கற மணிக்கட்டு மூட்டு இன்னும் பிஞ்சா இருக்கும். கனத்துல மூட்டு கீழ தொங்கும், தொங்கிக்கிட்டே இருந்தா ஒரு நாள் வெளிப்பக்கமா திரும்பிக்கும்.

அதனால திரும்பற வரைக்கும் காத்திருக்காதீங்க, தொங்கறப்பவே கண்டுபிடிக்கணும். நாலு வாரத்துலேர்ந்து குஞ்சுங்க ஓய்வா நிக்கும்போது பின்னாடி போய் பாருங்க, றெக்கை ரெண்டும் முதுகோட ஒட்டி படிஞ்சிருக்கா, இல்ல ஒரு பக்கம் நுனி கீழ சரிஞ்சு நீல இறகுக்குழாய் தனியா துருத்திக்கிட்டு தெரியுதா. சரிஞ்சிருந்தா அன்னைக்கே தானியத்தையும் ஸ்டார்ட்டரையும் கொறைங்க, புல்லுல விடுங்க, றெக்கைக்கு கட்டு போடுங்க.

கட்டு போடறதுக்கு ரெண்டு பேர் இருந்தா நல்லது. ஒருத்தர் குஞ்ச மடில வச்சு தலைய துணியால லேசா மூடிக்கட்டும், இருட்டானா அடங்கிடும். இன்னொருத்தர் றெக்கைய அது தானா எப்படி மடிக்குமோ அதே மாதிரி மடிச்சு, நுனிப்பகுதி உள்பக்கமா வந்து முன்கை எலும்போட ஒட்டற மாதிரி புடிச்சு, அந்த றெக்கைய மட்டும் சுத்தி டேப் போடணும். உடம்போட சேத்து கட்டக்கூடாது, மூச்சு விட நெஞ்சு விரியணும், பேலன்ஸும் போயிடும். டேப்புக்கு அடியில ஒரு சுண்டுவிரல் நுழையற அளவு எடம் விடுங்க. மூணு நாள் கழிச்சு அவுத்து, றெக்கைய விரிச்சு மடிக்க விட்டு பாருங்க, படிஞ்சிருந்தா போதும், இல்லன்னா இன்னொரு தடவை. ஒரேயடியா வாரக்கணக்குல கட்டி வச்சா மூட்டு விறைச்சிடும்.

பெருசானதுக்கு அப்புறம் திரும்பி நிக்கறத கட்டு போட்டு சரி பண்ண முடியாது. ஆனா அதுக்கு வலிக்காது, மேயும், முட்டை போடும், நல்லாவே வாழும். வித்துடணும் வெட்டிடணும்னு எல்லாம் அவசரப்பட வேண்டாம். பரம்பரையும் ஒரு காரணமா இருக்கலாம்னு சந்தேகம் இருக்கறதால அத வச்சு குஞ்சு மட்டும் எடுக்காம இருக்கறது நல்லது.

வராம தடுக்கற கணக்கு இதுதான்: மொத 3 வாரத்துக்கு புரோட்டீன் 20லேர்ந்து 22 சதவீதம், அதுக்கு அப்புறம் படிப்படியா 15, 16 சதவீதத்துக்கு எறக்கிடணும், பகல் முழுக்க புல்லு இருக்கணும். ராத்திரி முழுக்க தீவனத் தட்டு நெறஞ்சு கெடக்கக்கூடாது, தண்ணி மட்டும் இருக்கட்டும். சோறு, ரொட்டின்னு மிச்சம் மீதிய கொட்டறதும் அன்பு கெடையாது, வளர்ற குஞ்சுக்கு அது கெடுதல்.

பெரிய கூஸ் நொண்டுது

புடிச்சு பாதத்தோட அடிப்பக்கத்த பாருங்க. நடுவுல கருப்பா காய்ச்சுப்போன மாதிரி ஒரு பொருக்கு, சுத்தி வீங்கி சூடா இருந்தா பம்பிள்ஃபுட். சிமெண்ட் தரை, சரளைக்கல்லு, எப்பவும் ஈரமான படுக்கை, இதுல சின்ன காயம் பட்டு ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரி கிருமி உள்ள போயி கட்டியாகிடும். லேசா இருந்தா வெதுவெதுப்பான உப்புத் தண்ணில பாதத்த ஊற வச்சு, ஆன்டிசெப்டிக் போட்டு, காஞ்ச வைக்கோல்ல ஒரு வாரம் வைங்க. கெட்டியா உள்ள போயிருந்தா பிளேட எடுத்து நீங்களே கிண்டாதீங்க, அது டாக்டர் வேலை.

பாதம் சுத்தமா இருக்கு, ஆனா நொண்டுதுன்னா யாராவது கால புடிச்சு தூக்கினாங்களான்னு கேளுங்க. கூஸோட கால் எலும்பு அந்த உடம்புக்கு மெல்லிசு, கோழிய தூக்கற மாதிரி கால புடிச்சு தொங்க விட்டா மூட்டு பெசகிடும். றெக்கைய உடம்போட அணைச்சு, அதோட மூஞ்சி உங்க முதுகுப்பக்கம் பாக்கற மாதிரி அக்குள்ல இடுக்கி, கீழ கை கொடுத்து தூக்கணும். அப்படி தூக்கினா கொத்தவும் முடியாது. எச்சம் மட்டும் முன்னாடி வரும், அதுக்கு தயாரா இருங்க.

இறகு நனைஞ்சு ஊறுது, கண்ணு ஒட்டிக்குது

மழைல நின்னா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடணும். ஊறி உடம்போட ஒட்டுதுன்னா அது தன் இறகுக்கு எண்ணெய் தடவ முடியாம இருக்கு. வால் தொடங்கற எடத்துல மேல்பக்கமா ஒரு எண்ணெய் சுரப்பி இருக்கு, அதுலேர்ந்து அலகால எடுத்து உடம்பு பூரா தடவும், ஆனா அதுக்கு முன்னாடி குளிச்சு அழுக்கு போகணும். குளம் அவசியம் இல்ல. தலைய கழுத்து வரைக்கும் முக்கற ஆழத்துல ஒரு டப்பு, தெனம் மாத்தற தண்ணி, இது போதும். கண்ணு ஒட்டிக்கறது, மூக்கு ஓட்டைல தீவனம் காஞ்சு அடைச்சிருக்கறது எல்லாத்துக்கும் மொத வைத்தியமும் இதேதான். ஆழமான தண்ணி வச்சும் ரெண்டு மூணு நாள்ல தெளியலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

டப்ப சுத்தி சேறாகும், அத யாராலயும் தடுக்க முடியாது. டப்ப ஜல்லி கொட்டின மேட்டுல வைங்க, இல்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை எடத்த மாத்துங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை, முட்டை சீசன் முடிஞ்சதும், எல்லா இறகும் உதிர்ந்து பாக்கவே பாவமா இருக்கும். றெக்கையோட பெரிய இறகெல்லாம் ஒரே சமயத்துல விழும். இது நோய் கெடையாது. அப்போ கொஞ்சம் கூடுதல் புரோட்டீன் கொடுத்து தொந்தரவு பண்ணாம விட்டா சில வாரத்துல புது இறகு வந்துடும்.

திங்குது, ஆனா எளைக்குது

நெஞ்செலும்ப தொட்டு பாருங்க. ரெண்டு பக்கமும் சதை இல்லாம கத்தி மாதிரி கூரா தெரிஞ்சா எடை போயிடுச்சு, இறகு அத மூடி வச்சிருக்கும், கண்ணால பாத்தா தெரியாது. வளர்ற குஞ்சு எளைச்சா மொதல்ல குடற்புழு சந்தேகம், அதுலயும் அரைவைப்பையோட உள்தோல அரிக்கற ஒரு புழு கூஸுக்குன்னே இருக்கு, பெருசுங்க தாங்கிக்கும், குஞ்சுங்க செத்துடும். ஒரே எடத்துல வருஷக்கணக்கா மேய விட்டா மண்ணு பூரா முட்டை சேந்துடும். எச்சத்த டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர் சொல்ற புழு மருந்த எடைக்கு ஏத்த அளவுல கொடுங்க, மேயற எடத்தையும் பிரிச்சு மாத்தி மாத்தி விடுங்க, மருந்து மட்டும் கொடுத்துட்டு அதே மண்ணுல விட்டா அடுத்த மாசமே திரும்ப வந்துடும்.

குஞ்சு எளைக்குது, வெள்ளையா தண்ணியா போகுது, மூணு வாரத்துலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள வயசுன்னா சிறுநீரகத்த தாக்கற காக்சிடியாங்கற ஒட்டுண்ணியும் இருக்கலாம். கோழி காக்சிடியா மாதிரி ரத்தம் வராது, அதனால ஏமாந்துடுவோம். பெரிய கூஸ் கண்ணக் கூசற பச்சைல தண்ணியா போயி கால் தள்ளாடினா ஈயம் மாதிரி உலோகம் எதையாவது முழுங்கிடுச்சான்னு யோசிங்க. பளபளன்னு இருக்கறது எதுவா இருந்தாலும் கூஸ் முழுங்கும். ஆணி, கம்பித் துண்டு, பழைய பெயிண்ட் சீவல், மீன் புடிக்கற குண்டு, கொட்டகை வேலை முடிஞ்சதும் ஒரு காந்தத்த கயித்துல கட்டி தரை பூரா இழுத்துடுங்க. ஈயம் காந்தத்துல ஒட்டாது, அத கண்ணாலதான் பொறுக்கணும்.

நெஞ்சுக்கு மேல கழுத்தடில கெட்டியா உருண்டையா தெரியுது, தீவனம் வேணாங்குதுன்னா நீளமான காஞ்ச புல்லோ கயிறோ சிக்கிக்கிச்சு. அறுத்து போடற புல்ல சின்ன சின்னதா நறுக்கி போடுங்க, பக்கத்துல குறுமணல் ஒரு சட்டில எப்பவும் இருக்கட்டும், மணல் இல்லாம புல்லு அரையாது.

வாய தொறந்து மூச்சு விடுது

வெயில்ல வாய தொறந்து தொண்டை படபடன்னு அடிக்க, றெக்கைய உடம்புலேர்ந்து தள்ளி வச்சுக்கிட்டு நிக்கறது சூடு தாங்காம. நிழலும் தண்ணியும் கொடுத்தா அடங்கிடும். சாயந்தரம் குளுந்ததுக்கு அப்புறமும் வாய தொறந்தே இருக்கு, குரல் கம்முதுன்னா பூஞ்சை புடிச்ச வைக்கோல்தான் முக்கியமான சந்தேகம். அந்தப் பூஞ்சை நுரையீரல்ல எறங்கினா வைத்தியம் அவ்வளவா பலிக்காது, அதனால கொட்டகைல போடற வைக்கோல மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாருங்க, மக்கின வாசனை அடிச்சா உரக்குழிக்கு போகட்டும். பூஞ்சை புடிச்ச மக்காச்சோளமும் புண்ணாக்கும் இன்னும் மோசம், அதுல வர்ற அஃப்ளாடாக்சின்ங்கற பூஞ்சை விஷத்த கோழி தாங்கற அளவுக்கு வாத்து இனம் தாங்காது, ஈரல் போயிடும். மலிவா கெடைக்குதுன்னு கெட்டுப்போன தானியத்த கூஸுக்கு வாங்காதீங்க.

கழுத்து தொங்குது, இல்லன்னா கூட்டமா சாகுது

இங்க நிதானமா இருக்க நேரம் இல்ல. கால் மொதல்ல தளருது, அப்புறம் றெக்கை, அப்புறம் கழுத்த தூக்கவே முடியலன்னா பாட்டுலிசம், அதாவது ஒரு கிருமியோட விஷத்தால உடம்பு செயலிழக்கறது. வெயில் காலத்துல தண்ணி வத்தி நாறிக் கெடக்கற குட்டை, அதுல செத்த மீனோ பறவையோ, அதுல வர்ற புழுவ தின்னதும் இது வரும். உடனே எல்லாத்தையும் அந்த எடத்துலேர்ந்து வெளிய கொண்டு வாங்க, செத்தத எடுத்து ஆழமா புதைங்க, விழுந்தத நிழல்ல வச்சு தலைய உசத்தி நல்ல தண்ணி கெடைக்கற மாதிரி பண்ணிட்டு டாக்டர கூப்பிடுங்க. ஆரம்பத்துல கவனிச்சா பொழைக்கறது உண்டு.

கழுத்து முறுக்கிக்குது, வட்டமா சுத்துது, கண்ணு மங்கலாகுது, ஒண்ணு ரெண்டு நாள்ல அடுத்தடுத்து சாகுதுன்னா பறவைக் காய்ச்சல நெனச்சே ஆகணும். இன்னைக்கு உலகம் பூரா சுத்தற எச்5என்1 வைரஸ் வம்சத்த மொதல்ல கண்டுபிடிச்சதே சீனாவோட குவாங்டாங்ல 1996ல ஒரு வளர்ப்பு கூஸ்கிட்டேர்ந்துதான். செத்தத வெறுங்கையால தொடாதீங்க, அறுக்காதீங்க, தண்ணில வீசாதீங்க, கறியாக்காதீங்க, மிச்சத்த விக்காதீங்க. கால்நடைத் துறைக்கு தகவல் சொல்லிட்டு அவங்க வர்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க.

ஒரு மாசத்துக்கு உட்பட்ட குஞ்சுங்க மட்டும் வரிசையா சாகுது, பெருசுங்க நல்லா இருக்குன்னா கூஸ் பார்வோ வைரஸ், டெர்சி நோய்னும் சொல்லுவாங்க. மொத வாரத்துல வந்தா கிட்டத்தட்ட எல்லாம் போயிடும். இதுக்கு மருந்து கெடையாது, தாய்க்கு தடுப்பூசி கெடைக்கற எடத்துல அத போட்டு குஞ்சுக்கு எதிர்ப்பு சக்தி கடத்தறதுதான் வழி.

பெட்டை முக்குது, ஆணுக்கு பின்னாடி ஏதோ தொங்குது

முட்டை சீசன்ல பெட்டை நிமிர்ந்து நின்னு வால ஏத்தி எறக்கி முக்கிக்கிட்டே இருக்கு, முட்டை வரலன்னா அடைச்சுக்கிச்சு. வெதுவெதுப்பான தண்ணில இடுப்பு வரைக்கும் 20 நிமிஷம் உக்கார வைங்க, இருட்டான அமைதியான எடத்துல விடுங்க. சில மணி நேரத்துல வரலன்னா டாக்டர். உள்ளயே உடைச்சு எடுக்க பாக்காதீங்க, ஓட்டுத் துண்டு கிழிச்சுடும். தோல்முட்டையா அடிக்கடி வருதுன்னா கால்சியம் பத்தல, சிப்பிக்கிளிஞ்சல் தூள தனி சட்டில வைங்க, வேணுங்கறது எடுத்துக்கும்.

ஆணுக்கு இனச்சேர்க்கைக்கு அப்புறம் உறுப்பு உள்ள போகாம தொங்கினா, அழுக்கு போக கழுவி, சர்க்கரை கரைச்ச குளுந்த தண்ணித் துணிய சுத்தி வீக்கம் வடிய விட்டு, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. காஞ்சு கருத்துடுச்சுன்னா இனப்பெருக்கத்துக்கு ஆகாது. சரியாகற வரைக்கும் பெட்டைங்கள தனியா பிரிச்சிடணும்.

முட்டை இருக்கு, எல்லாம் கூமுட்டை

பத்தாவது நாள் ராத்திரி டார்ச் அடிச்சு பாருங்க, அங்கதான் விடை இருக்கு. உள்ள வெறும் மஞ்சள் நிழல் மட்டும்னா கருவே கூடல, ரத்த வளையம் தெரிஞ்சா கரு கூடி செத்துடுச்சு. ரெண்டுக்கும் காரணம் வேற வேற.

கரு கூடலன்னா ஆணையும் ஜோடியையும் பாக்கணும். ஒரு வயசு ஆண் பெரும்பாலும் சரியா வராது, ரெண்டாவது வருஷத்துலதான் நம்பலாம். கனமான இனத்துக்கு ஒரு ஆணுக்கு ரெண்டு மூணு பெட்டை, லேசான சைனீஸ் மாதிரி இனத்துக்கு நாலஞ்சு. அதுக்கு மேல விட்டா கூஸ் சேவல் மாதிரி எல்லார்கிட்டயும் போகாது, அதுக்கு புடிச்சது கூடத்தான் சேரும், மத்ததோட முட்டை காலிதான். நடு சீசன்ல புது பெட்டைய வாங்கி விட்டா அத திரும்பிக்கூட பாக்காது, இனச்சேர்க்கை தொடங்கறதுக்கு ஒரு மாசத்துக்கு மேல முன்னாடியே சேத்து வைங்க. ரெண்டு ஆண் ஒண்ணோட ஒண்ணு ஜோடி சேந்துக்கறதும் உண்டு. டூலூஸ், எம்ப்டன் மாதிரி பெரிய உடம்புக்கு தரைல ஏறி சேர்றது கஷ்டம், நீந்தற அளவு தண்ணி இருந்தா கருக்கூடற முட்டை ஏறும். கொழுத்துப்போன ஆணும் பிரயோஜனப்படாது, சீசனுக்கு முன்னாடியே தானியத்த கொறைங்க.

ரத்த வளையம்னா முட்டைய வச்சிருந்த விதத்துல கோளாறு. குளுமையான எடத்துல 12லேர்ந்து 15 டிகிரி செல்சியஸ்ல வச்சு, தெனம் திருப்பி, ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள அடைக்கு வச்சிடணும். சேறு படிஞ்ச முட்டைய வைக்காதீங்க. இன்குபேட்டர்ல காத்தாடி ஓடறதுன்னா 37.5 டிகிரி. கூஸ் முட்டைக்கு 28லேர்ந்து 34 நாள் வரைக்கும் ஆகும், பெரும்பாலும் 30 ஒட்டி. ஒரு வாரம் தாண்டினதும் தெனம் பத்து பதினஞ்சு நிமிஷம் மூடிய தொறந்து ஆற விட்டு, வெதுவெதுப்பான தண்ணிய லேசா தெளிச்சு மூடுங்க. தாய் கூஸ் எழுந்து போய் குளிச்சுட்டு ஈரத்தோட வந்து உக்காரும், அததான் நாம செய்யறோம். கடைசி நாள்ல உள்ளயே முழு குஞ்சா செத்திருந்தா ஈரப்பதத்த பாருங்க. பொரியற வரைக்கும் முட்டை தன்னோட எடைல 12லேர்ந்து 15 சதவீதம் எழக்கணும், ஜாஸ்தி ஈரம் வச்சா எழக்காது, குஞ்சு ஊதிப்போய் திரும்ப எடம் இல்லாம செத்துடும். பொரிக்கற நாள்லதான் ஈரம் 70, 75 சதவீதத்துக்கு ஏறணும்.

முட்டையே காணோம்னு தேடறவங்க வைக்கோல கிளறி பாருங்க. பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலைலயே போட்டுட்டு அழகா மூடிட்டு போயிடும்.

ஆண் கொத்த வருது

கழுத்த நீட்டி தரையோட தாழ்த்தி, வாய தொறந்து சீறி, கழுத்து இறகு கிடுகிடுன்னு அதிர வந்தா அது மிரட்டல். ஓடாதீங்க. நீங்க பின்வாங்கினதும் அது தன் ஜோடிகிட்ட திரும்பிப் போய் கழுத்த நீட்டி சத்தமா கத்தி கொண்டாடும், ஜோடியும் கூட கத்தும். அந்தக் கொண்டாட்டம்தான் அதுக்கு பரிசு, நாளைக்கு இன்னும் தூரத்துலேர்ந்தே வரும். நின்ன எடத்துல நேரா நில்லுங்க, கைய அகலமா விரிங்க, மெதுவா அது பக்கம் ரெண்டு அடி வைங்க, பெரும்பாலும் திரும்பிடும். ஒதைக்கறதோ குச்சியால அடிக்கறதோ நீங்க எதிரிங்கறத அதுக்கு உறுதி பண்ணிடும். அதையும் மீறி வந்து புடிச்சா றெக்கைய அணைச்சு தூக்கி, அக்குள்ல இடுக்கிக்கிட்டு அமைதியா அஞ்சு நிமிஷம் நடங்க, அடங்கினதும் கீழ விடுங்க.

இது அடைக்காலத்துல மட்டும்னா கூட்டுப் பக்கம் போகாம இருந்தாலே போதும், தன் குடும்பத்த காக்கறது அது. வருஷம் பூரா பண்ணுதுன்னா பல நேரம் தனியா கைல வச்சு கொஞ்சி வளத்த ஆண் குஞ்சா இருக்கும். மனுஷன தன் இனமா நெனச்சு வளந்தது பெருசானதும் மனுஷனத்தான் போட்டியாளா பாக்கும். குஞ்சுலயே ரெண்டு மூணு கூட சேத்து வளங்க. சின்ன புள்ளைங்கள ஆண் கூஸ்கிட்ட தனியா விடாதீங்க, றெக்கையோட முட்டி எலும்பால அடிச்சா நல்லாவே வலிக்கும், காயமும் ஆகும்.

ஓயாம கத்துது

ஒத்தையா இருந்தா அதுதான் காரணம், துணைக்கு கத்துது, இன்னொண்ணு கொண்டு வாங்க. கூட்டமா இருந்தும் கத்துதுன்னா இனத்த பாருங்க. சைனீஸ் ரொம்ப வாய், காவலுக்கும் களை மேயறதுக்கும் அருமை, பக்கத்து வீட்டு சுவர் ஒட்டி இருந்தா சண்டைதான் வரும். பில்கிரிமும் டூலூஸும் அமைதி. ராத்திரில கத்தினா எழுந்து போய் பாருங்க, அது சும்மா கத்தாது. நாய், நரி, மரநாய் வந்தா கூஸ் எச்சரிக்கும், ஆனா எதுத்து ஜெயிக்காது, அதனால ராத்திரி அடைச்சே ஆகணும், ஒண்ணுக்கு ஒரு சதுர மீட்டர்ங்கற கணக்குல காத்தோட்டமான கொட்டகை.

இன்னும் வாங்கவே இல்லன்னா

மேல சொன்னதுல நெறைய வாங்கற எடத்துலயே தவிர்க்கலாம். கூஸ் 20 வருஷத்துக்கு மேலயும் வாழும், பெட்டை எட்டு பத்து வருஷம் வரைக்கும் முட்டை போடும், அதனால அவசரப்படாதீங்க. நடக்க விட்டு பின்னாடிலேர்ந்து பாருங்க, கால் நேரா, றெக்கை படிஞ்சு, பின்பக்க இறகு சுத்தமா இருக்கணும். பாதத்த திருப்பி பாருங்க, நெஞ்செலும்ப தொடுங்க. தலைய உடம்புக்குள்ள இழுத்துக்கிட்டு மூலைல நிக்கறத எவ்வளவு மலிவா கொடுத்தாலும் பரிதாபப்பட்டு வாங்கிடாதீங்க, அது உங்க கூட்டத்துக்கே நோயக் கொண்டு வரும்.

எடம் சின்னதுன்னா எடைய யோசிங்க. வளந்த எம்ப்டன் ஆண் 11, 12 கிலோ போகும், சைனீஸ் ஆண் அஞ்சு அஞ்சரை கிலோதான், புல்லும் அதுக்கு ஏத்த மாதிரி வேணும். ஆணா பெட்டையான்னு பாக்க பில்கிரிம் சுலபம், ஆண் வெள்ளை, பெட்டை சாம்பல். சைனீஸ்ல வளந்ததும் அலகுக்கு மேல இருக்கற குமிழ் ஆணுக்கு பெருசா இருக்கும். மத்ததுல குரல கேளுங்க, பெருசானதும் ஆண் கீச்சுன்னு கத்தும், பெட்டை கரகரன்னு கனமா கத்தும். நிச்சயமா தெரியணும்னா பின்துவாரத்த சோதிச்சு பாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு வாங்குங்க, உடம்பு சைஸ மட்டும் வச்சு முடிவு பண்ணி மூணு ஆண ஓட்டிக்கிட்டு வந்தா சீசன்ல ரத்தம் வர்ற அளவுக்கு அடிச்சுக்கும்.

விக்கறவர்கிட்ட என்ன தீவனம்னு கேட்டு அதுலயே ஒரு வாரத்துக்கு வாங்கிட்டு வாங்க, கொஞ்சம் கொஞ்சமா உங்க தீவனத்துக்கு மாத்துங்க. ஏற்கனவே வீட்டுல பறவை இருந்தா புதுச மூணு நாலு வாரம் தனி எடத்துல தனி தண்ணில வைங்க, பழசுக்கு தீவனம் வச்சுட்டு அப்புறம் புதுசுகிட்ட போங்க, செருப்பையும் மாத்திக்கிட்டு. உங்க கொல்லைல அரளி, ஆமணக்கு இருந்தா புதுசு வர்றதுக்கு முன்னாடியே வேலி போட்டுடுங்க, வந்த பசில எத கண்டாலும் கொத்தி பாக்கும், அதுலயும் அரளி இலை கொஞ்சம் உள்ள போனாலே இதயம் நின்னுடும்.